போகமாட்டேங்கு, டீச்சர்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள். போன மாதம் நான் போட்ட புளியோதரைப் பதிவுக்கு வந்த கூட்டம் இதற்கு வராது என்று தெரியும். ஆனாலும் எழுதியாக வேண்டும். ஒரு பெண்ணுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழெட்டுப் பேர் முன்னால் அவளைப் பேசினேன். பேசியது தப்பு என்பதையும் நாலு பேர் பார்க்கச் சொல்வதுதானே முறை. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் வேண்டாம் டீச்சர்" என்றாள். அதனால் யார் பெயரும் இதில் வராது. யார் யார் என்று பின்னூட்டத்தில் துப்பறிய வேண்டாம். 1994 செட், முக்கியமாக உங்களைத்தான் சொல்கிறேன்.

நம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தலைமையாசிரியர் அறையில், மேசைக்குப் பின்னால் இருந்த மர அலமாரியில், சிவப்புத் துணி அட்டை போட்டு இருக்குமே, அவைதான். 1949இல் ஆரம்பித்து 2000 வரை 23 தொகுதிகள். முதல் நாலைந்து தொகுதிகளைத் திறந்தால் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். கரையான் ஒரு பக்கம். போதாததற்கு, 1950களில் படித்த பெரியவர்கள் பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்டு இன்றும் வருகிறார்கள். ஒருமுறை 1961இல் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன ஒரு அம்மா, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் பக்கத்தைத் தேடி எடுக்கும்போதே ஓரம் உதிர்ந்து என் மடியில் விழுந்தது. அன்றைக்கு முடிவு செய்ததுதான், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று. நான் 2018இலேயே ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் நிர்வாகத்திடம் கேட்டு, பழைய மாணவர்கள் சிலர் பணம் போட்டு, 2023 ஜூனில் வேலை தொடங்கியது.

அதற்குத்தான் அந்தப் பெண்ணை வைத்தோம். நம் பள்ளியில் படித்தவள்தான். பிறகு கணினிப் படிப்பு படித்து, கல்யாணமாகி, பக்கத்துத் தெருவிலேயே இருந்தாள். நடுநிலைப் பள்ளிக் கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் லேபில் ஸ்கேனரை வைத்தோம். அவள் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, மயிலிறகால் தூசி தட்டி, கண்ணாடியில் வைத்து எடுப்பாள். மொத்தம் சுமார் 4,600 பக்கம். ஒரு பக்கம் 8 எம்பி. ஆக 37 ஜிபிக்குக் கிட்டத்தட்ட. எடுத்ததை, மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முன்னொரு முறை யாரோ கொண்டுவந்த பென்டிரைவால் அலுவலகக் கணினியே முடங்கிப்போனது. அதிலிருந்து அங்கே பென்டிரைவ் என்ற சொல்லே ஆகாது. கேபிள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும்.

முதல் வாரமே அவள் வந்து சொன்னாள். "ஃபைல் போகமாட்டேங்கு, டீச்சர். பாதியில நிக்கி. திருப்பிப் போட்டா திருப்பியும் நிக்கி."

"நெட் வருதா?" என்றேன்.

"வருது டீச்சர்."

"எமிஸ் தளம் திறக்குதா?"

"திறக்கு டீச்சர்."

"அப்போ லைன் நல்லாத்தானே இருக்கு? நீ பொறுமையாப் போடு."

இப்படி ஒரு தடவை இல்லை, நாலு தடவை. நிர்வாக அலுவலகத்தில் பார்த்தால் 3ஆம் தொகுதி இல்லை, 7ஆம் தொகுதியில் பாதி இல்லை, 12 வெறும் கூடு. நான் நம் ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் லேபில் உட்கார்ந்து கறுப்புத் திரையில் ஏதோ தட்டினார். பிங் என்று அதற்குப் பெயர். இங்கிருந்து ஒரு சின்னச் செய்தியை அந்தப் பெட்டிக்கு அனுப்பி, 'இருக்கியா' என்று கேட்பது. அது 'இருக்கேன்' என்று திருப்பி அனுப்பும். அனுப்பியது 4, வந்தது 4, இழப்பு 0 சதவீதம். "லைன்ல ஒரு குறையும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அந்தப் பதில் சரிதான்.

நான்தான் அந்த '0 சதவீதத்தை' மனதில் வைத்துக்கொண்டேன். ஜூலை கடைசியில் பழைய மாணவர் சங்கக் கூட்டம். பணம் கொடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை எங்கே என்று கேட்கிறார்கள். நான் அவள் பக்கம் திரும்பி, "ரெண்டு மாசமா ஒரு வேலை. கேட்டா போகல போகலன்னு ஒரே பாட்டு. லைன் சரியா இருக்குன்னு ஆளை வச்சுப் பார்த்தாச்சு. கவனம் செல்போன்ல இருந்தா எப்படிப் போகும்?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேனர் மேல் போட்டு வைக்கிற துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஆள் அனுப்பினேன். "வேற வேலை கிடைச்சிட்டு" என்று சொல்லி அனுப்பினாள். எனக்கு அதிலும் கோபம்தான் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

பிறகு நானே போய் லேபில் உட்கார்ந்தேன். எனக்கும் போகவில்லை. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். 'வயசாகிவிட்டது, எனக்குத் தெரியவில்லை' என்று நினைத்தேனே தவிர, அவள் சொன்னது உண்மையாக இருக்கும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

செப்டம்பரில் ஊர்க் கொடைக்கு ஒரு மாணவன் வந்திருந்தான். 2001இல் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்ப்பான். இப்போது பெங்களூரில் பெரிய அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற வேலை. பார்க்க வீட்டுக்கு வந்தவனிடம் புலம்பினேன். "காலைல வாரேன் டீச்சர், பாத்துருவோம்" என்றான். கொடை முடிந்த மறுநாள், கண்ணெல்லாம் சிவந்து, விடியவிடிய வில்லுப்பாட்டு கேட்ட களைப்போடு வந்தான்.

வந்தவன் கணினியைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டான். எப்போது நிற்கிறது? எடுத்தவுடனா, கொஞ்ச நேரம் கழித்தா? சின்ன ஃபைல் போகிறதா? எந்தக் கணினியிலிருந்து போட்டாலும் இப்படியா? அங்கிருந்து இங்கே எடுத்தால் எப்படி? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. "இத வேலை பாத்தவங்களுக்குத்தான் தெரியும். அவங்கள கூப்பிட முடியுமா டீச்சர்?" என்றான். நான் பேச்சை மாற்றினேன்.

நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் படம் போட்டான். இந்தப் பக்கம் லேப். அதில் 15 கணினி. அத்தனையும் லேபில் இருக்கிற சின்ன ஸ்விட்சில் சேர்கின்றன. அங்கிருந்து ஒரே ஒரு கேபிள் மைதான ஓரமாக, சுவரை ஒட்டி, சுமார் 80 மீட்டர் போய், அலுவலகத்தில் இருக்கும் பெரிய ஸ்விட்சில் சேர்கிறது. அதைக் கோர் ஸ்விட்ச் என்கிறார்கள். 24 போர்ட் வைத்த தட்டைப் பெட்டி. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரி, எல்லாக் கட்டடத்து வண்டியும் அங்கே வந்துதான் பிரியும். சேமிப்புப் பெட்டியும் அதில்தான் மாட்டியிருக்கிறது.

முதலில் லேபுக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு ஜிபி ஃபைலை அனுப்பினான். அரை நிமிடத்தில் போய்விட்டது. அலுவலகத்துக்குப் போய், அங்கே அவனுடைய லேப்டாப்பிலிருந்து சேமிப்புப் பெட்டிக்கு அனுப்பினான். அதுவும் ஓடிவிட்டது. லேபிலிருந்து அலுவலகத்துக்கு அனுப்பினான். கிளம்பும்போது வேகமாகக் கிளம்பியது. பிறகு தவழ்ந்தது. பிறகு நின்றது. "சரி, ரெண்டு வீட்டுலயும் குத்தமில்ல. நடுவுல இருக்கிற தெருவுலதான்" என்றான்.

பிறகு அதே பிங். ஆனால் அவன் 4 அனுப்பவில்லை. ஒரு கணினியில் ஃபைல் போய்க்கொண்டிருக்கும்போதே, இன்னொரு கணினியிலிருந்து, பெரிய அளவுச் செய்தியாக, விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தான். வரிசையாக 'பதில் இல்லை' 'பதில் இல்லை' என்று விழ ஆரம்பித்தது. ஃபைல் அனுப்புவதை நிறுத்தினான். இழப்பும் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினான். மறுபடி விழுந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாற்பது வருஷம் பரீட்சை வைத்தவள் நான். ஒரு வரி வினாவாக நாலு கேட்டுவிட்டு, பையனுக்கு எல்லாம் தெரியும் என்று மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

பாக்கெட் என்றால் பால் பாக்கெட் இல்லை. ஒரு பெரிய ஃபைலைக் கணினி அப்படியே அனுப்பாதாம். சுமார் 1,500 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் எண் போட்டு அனுப்பும். அந்தப் பக்கம் 'இதுவரை வந்தது' என்று அவ்வப்போது ரசீது வரும். ரசீது வராவிட்டால் தொலைந்தது என்று வைத்து, மறுபடி அனுப்பும். அதோடு இன்னொன்றும் செய்யும். பொட்டலம் தொலைந்தால், 'வழியில் கூட்டம் போல' என்று நினைத்து, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மரியாதை தெரிந்த ஏற்பாடு. உண்மையிலேயே கூட்டமாக இருந்தால் அது நல்லது. இங்கே கூட்டமே இல்லை, பாதைதான் பழுது. அது பாட்டுக்குக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நின்றே விடுகிறது.

முதலில் அவனும் கூட்டமாகத்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டான். கல்யாணப் பந்தியை வைத்து விளக்கினான். பந்தியில் 100 இலை, வாசலில் 30 நாற்காலி. முதல் பந்தி சாப்பிடும்போது 30 பேர் உட்கார்ந்து காத்திருக்கலாம். 31ஆவது ஆள் திரும்பிப் போக வேண்டியதுதான். ஸ்விட்சிலும் அப்படிக் காத்திருக்கும் இடம் உண்டாம். வேகமான கதவு வழியாக வந்து மெதுவான கதவு வழியாக வெளியே போக வேண்டியிருந்தால், அந்த இடம் நிறைந்து, மீதி கீழே விழும். அப்படி எத்தனை விழுந்தது என்று ஸ்விட்ச் கணக்கு வைத்திருக்கும். அதைப் பார்த்தால் தெரியும் என்றான்.

ஸ்விட்சுக்குள் நுழையக் கடவுச்சொல் வேண்டும். அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் மங்கலாக ஞாபகம். ஸ்விட்ச் பெட்டியின் கதவு உட்புறம் பார் என்றேன். திறந்தான். பழுப்பேறிய ஒரு தாள் செல்லோடேப்பில் ஒட்டியிருந்தது. அதைப் படித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். ஏனென்று எனக்கு அப்போது தெரியாது. ஒன்றும் சொல்லாமல் தன் லேப்டாப்பை மாட்டி உள்ளே போனான்.

கூட்டத்தால் விழுந்த கணக்கு: பூஜ்யம். பந்தி விவகாரம் இல்லை.

7ஆம் போர்ட்டில், அதாவது லேப் கேபிள் வந்து சேரும் இடத்தில், வேறொரு கணக்கு ஆறு இலக்கத்தில் இருந்தது. உடைந்து வந்த பொட்டலங்கள். 'இது எப்போதோ நடந்த பழைய கணக்காகக்கூட இருக்கலாம்' என்று சொல்லி, அதை அழித்துப் பூஜ்யமாக்கினான். லேபில் இருந்த வாட்ச்மேன் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, ஃபைல் அனுப்பும் பொத்தானை அமுக்கச் சொன்னான். நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தோம். 0. பிறகு 14. 61. 230. பால் பொங்குகிற மாதிரி ஏறியது.

கேபிளாகத்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். எல்லாரும் அதைத்தான் சொல்வார்களாம். கேபிளின் இரு முனையிலும் சோதனைப் பெட்டி மாட்டினான். எட்டுக் கம்பியும் பழுதில்லை. கேபிள் 2019இல் புதிதாக இழுத்தது, நன்றாகவே இருக்கிறது.

"இந்தப் பக்கம் 'ஃபுல் டூப்ளெக்ஸ்'னு கட்டி வச்சிருக்கு டீச்சர். அந்தப் பக்கம் 'ஹாஃப்'ல ஓடுது. ரெண்டுக்கும் ஒத்துப்போகல."

இதை விளக்க எனக்கு நம் குடும்பத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. உறவுகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பெரியத்தையை எல்லாருக்கும் தெரியும். பேசிக்கொண்டே கேட்பார், கேட்டுக்கொண்டே பேசுவார். எதிராளி வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கவே மாட்டார். அதுதான் ஃபுல் டூப்ளெக்ஸ். சின்ன மாமா நேர்மாறு. அவர் பேசும்போது யாராவது 'ம்' என்றால்கூட, பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டு, "சரி, நீங்க சொல்லுங்க" என்பார். அதுதான் ஹாஃப். பெரியத்தையும் இன்னொரு பெரியத்தையும் பேசினால் பிரச்சினை இல்லை. இரண்டு சின்ன மாமா பேசினாலும், கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். பெரியத்தையும் சின்ன மாமாவும் பேசும்போதுதான் வினை. "சாப்டாச்சா?" "ஆச்சு." இந்த மட்டில் ஒரு குறையும் தெரியாது. சின்ன மாமா ஒரு நீளக் கதையை ஆரம்பிக்கட்டும். பெரியத்தை நடுநடுவே 'ம்' கொட்டுவார். ஒவ்வொரு 'ம்'முக்கும் அவர் பாதிச் சொல்லில் நிறுத்துவார். பெரியத்தை காதில் விழுவதெல்லாம் துண்டு துண்டு. கதை போய்ச் சேராது.

பிங் என்பது அந்த "சாப்டாச்சா". ஃபைல் என்பது நீளக் கதை. 'ம்' என்பது நான் சொன்னேனே, அந்த ரசீது. லேப் ஸ்விட்ச் பொட்டலத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே, கோர் ஸ்விட்ச் ரசீதை அனுப்பிவிடுகிறது. லேப் ஸ்விட்ச் மோதிவிட்டது என்று நினைத்து, பாதியில் அறுத்துவிடுகிறது. அந்த அறுந்த துண்டுகள்தான் திரையில் ஏறிய கணக்கு. பொட்டலத்தின் முதல் 64 பைட்டுக்குள் மோதினால் ஸ்விட்சே மறுபடி அனுப்பிவிடுமாம். அதற்குப் பிறகு மோதினால் கைவிட்டுவிடும். இங்கே பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

இந்த 'ஒருவர் பேசினால் மற்றவர் சும்மா இரு' என்பது பழைய காலத்து வழக்கம் என்றான். 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவன ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டைக் கண்டபோது, எல்லாக் கணினிக்கும் ஒரே கம்பி. அங்கே அந்த ஒழுங்கு அவசியம். பிறகு ஸ்விட்ச் வந்து, ஆளுக்கொரு பாதை கிடைத்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று ஆனது. 1995இல், இணைத்தவுடன் இரு முனையும் 'உனக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும்' என்று தாங்களே பேசி முடிவு செய்யும் முறையும் வந்துவிட்டது.

"அப்போ இது ரெண்டும் ஏன் பேசி முடிவு செய்யல?" என்றேன்.

"ஒண்ணு பேசத் தயாரா இருக்கு டீச்சர். இன்னொண்ண 'பேசாத'ன்னு கட்டிப் போட்டிருக்கு. எதிர்ப்பக்கம் பேசலைன்னா, வேகத்த மட்டும் அதுவே கண்டுபிடிச்சிரும். ரெண்டு பேரும் பேசலாமா, ஒருத்தரான்னு கண்டுபிடிக்க முடியாது. அப்போ சட்டப்படி ஹாஃப்னு எடுத்துக்கிடும். அது செஞ்சது சரிதான்."

"கோர் ஸ்விட்ச யாரு கட்டிப் போட்டது?"

அவன் பதில் சொல்லவில்லை. ஸ்விட்ச் பெட்டியின் கதவைத் திறந்து காட்டினான். அந்தப் பழுப்புத் தாள்.

"போர்ட் 7 – வேகம் 100 – முழு. யாரும் மாற்றக் கூடாது. – த.ஆ., 11.8.2016."

என் கையெழுத்து. 'மாற்றக் கூடாது' என்பதன் கீழே இரண்டு கோடு. நோட்டுத் திருத்தும்போது போடுவேனே, அதே சிவப்பு மை.

எல்லாம் ஞாபகம் வந்தது. 2016இல் அந்தப் பழைய கேபிளை அணில் கடித்துவிட்டது. நிமிடத்துக்கு ஒரு முறை இணைப்பு அறுந்து அறுந்து வரும். மாணவர் விவரங்களை ஏற்ற வேண்டிய கடைசி நாள். வந்த டெக்னீஷியன், "ஆயிரம் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேணும்மா. நூறுக்கு நாலு போதும். நல்லா இருக்கிற நாலுல ஓட்டிக்கிடுவோம்" என்று சொல்லி, இரண்டு பக்க ஸ்விட்சிலும் 100, முழு என்று கட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அது சரியான வைத்தியம். வேலையும் நடந்தது. மறுவாரம் யாரோ அதை நோண்டி இணைப்புப் போய்விட, எனக்குக் கோபம் வந்து எழுதி ஒட்டியதுதான் இந்தத் தாள். ஏன் கட்டினோம் என்று எழுதவில்லை. எப்போது அவிழ்க்கலாம் என்றும் எழுதவில்லை.

2019இல் புதுக் கேபிள் வந்தது. தாளைப் பார்த்தார்கள், தொடவில்லை. 2022 ஐப்பசி இடிமழையில் லேப் ஸ்விட்ச் கருகியது. அவசரத்துக்கு ஒரு சாதாரண ஸ்விட்சை வாங்கி மாட்டினார்கள். அதில் எதையும் கட்ட முடியாது, தானாகப் பேசி முடிவு செய்கிற ரகம். அப்போதும் தாளைப் பார்த்தார்கள். தொடவில்லை. ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் என் சொல்லை மீறவில்லை. அப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்.

பையன் உடனே மாற்றிவிடவில்லை. பழைய அமைப்பை நாள்காட்டித் தாளில் எழுதிக்கொண்டான். மாற்றும்போது சில நொடி இணைப்புப் போகும் என்று அலுவலகத்தில் சொல்லி அனுமதி கேட்டான். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, 7ஆம் போர்ட்டைத் 'தானாக' என்று மாற்றினான். விளக்கு அணைந்து, இரண்டு மூச்சு விடும் நேரத்தில் வேறு நிறத்தில் எரிந்தது. 1000, முழு. புதுக் கேபிளில் எட்டுக் கம்பியும் இருக்கிறதே. நாலு வருஷமாக அதன் முழு வேகத்தையும் யாரும் பயன்படுத்தவில்லை.

கணக்கைப் பூஜ்யமாக்கி, 37 ஜிபியையும் ஒரேயடியாக அனுப்பினான். பதினோரு நிமிடம். உடைந்த பொட்டலம் 0. முடியும் வரை நான் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 23 தொகுதியும் வந்து சேர்ந்தன. 3, 7, 12 எல்லாமே அவள் எடுத்து, வரிசையாகப் பெயர் வைத்து, லேப் கணினியில் பத்திரமாக வைத்திருந்தாள். ஒரு பக்கம் கோணல் இல்லை. கூடவே ஒரு நோட்டு. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அனுப்பினாள், எத்தனையாவது பக்கத்தில் நின்றது என்று இரண்டு மாதக் கணக்கு. "இத வேலை பாத்தவங்களுக்குத்தான் தெரியும்" என்று பையன் சொன்னானே, அவன் கேட்ட அத்தனை கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. சின்ன ஃபைல் போகிறது, பெரியது நிற்கிறது என்று முதல் வாரத்திலேயே எழுதியிருக்கிறாள். அவன் அதைப் புரட்டிவிட்டு, "இவங்க எங்க டீச்சர் இப்போ?" என்றான். இந்த முறை பேச்சை மாற்ற முடியவில்லை. சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் போனேன். பில் போடும் இடத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். கூட்டம் குறையும் வரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன், தப்பு கேபிளில் இல்லை, உன்னிடம் இல்லை, நான் ஒட்டிய தாளில் இருந்தது என்று. உன் நோட்டைப் படித்தேன் என்றும் சொன்னேன். மன்னிச்சுக்கோம்மா என்றேன்.

"பரவால்ல டீச்சர்" என்றாள். நாம் எல்லாரும் சொல்வதுதானே அது. கொஞ்ச நேரம் கழித்து, பில் மெஷினில் தாளை மாற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நான் போகமாட்டேங்குன்னு சொன்னப்போ, ஒரு தடவ வந்து பக்கத்துல உக்காந்து பாத்திருக்கலாம் டீச்சர். சின்னப் பிள்ளைல கணக்கு வரலைன்னா அப்படித்தான வந்து உக்காருவீங்க."

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. திரும்பி வருகிறாயா என்று கேட்டேன். இங்கே சம்பளம் கூட, வரமாட்டேன் என்றாள். அதுவும் நியாயம். அவளுக்குச் சேர வேண்டிய பாக்கிப் பணத்தைக் கொடுத்தேன். வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டாள். சங்கக் கூட்டத்தில் அன்று இருந்த எல்லாருக்கும் தனித்தனியாகப் போன் செய்து சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இந்தப் பதிவு.

பழைய தாளைக் கிழித்துவிட்டோம். பையன் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறான். போர்ட் 7, தானாக, எந்தத் தேதியில் மாற்றியது, என்ன காரணம், இரு முனையிலும் என்ன இருக்கிறது, சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எல்லாம். 'மாற்றக் கூடாது' என்பது இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறான், மாற்றுகிறவர்கள் எழுதுவதற்கு. எழுத்து மட்டும் அன்று போலவே கோழிக் கிறுக்கல்தான்.

பதிவேடுகள் இப்போது தயார். 1949 முதல் 2000 வரை நம் பள்ளியில் சேர்ந்த யாருக்காவது, அல்லது உங்கள் அப்பா அம்மாவுக்கு, சேர்க்கைப் பக்கத்தின் நகல் வேண்டுமானால், சேர்ந்த வருஷத்தையும் அப்பா பெயரையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பொதுவில் போட வேண்டாம். 2000க்குப் பிந்தைய நாலு தொகுதி இன்னும் ஸ்கேன் செய்ய இருக்கிறது. அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, புதிதாக வருகிற பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நேற்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் முதல் வகுப்பில் சேர்ந்த பக்கம் அந்தத் தொகுதிகளில்தான் இருக்கிறது. அதை நானே எடுத்து வைத்திருக்கிறேன், தூசி தட்டி.

ஒற்றை விரலால் தட்டியதில் எழுத்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்